சாலையின் வகை

துறைமுகத்தில் கடைசி லாரியும் எஞ்சினை அணைத்த பிறகுதான்
எங்கள் வேலை தொடங்கும்.
இரவு இரண்டு மணி. டுர்ரஸ் நகரம்
அப்போதுதான் தன் வயிற்றிரைச்சலைக் காட்டிக்கொடுக்கும்.

புதுக் கருவி பழுது; திரானாவுக்குப் போய் ஏழு வாரம்.
ஆகவே கையில் இரும்புக் கோல்,
கோலின் தலையில் மரக் கிண்ணம்,
கிண்ணத்தில் என் இடது காது.
வலது காதை வீட்டுச் சண்டைக்கென்று வைத்திருக்கிறேன்.

பத்தடிக்கு ஒருமுறை குனிகிறேன்.
வேனை உருட்டியபடி கெஸிம் பின்னால் வருகிறான்,
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு,
நான் தெருவை விழுந்து கும்பிடுவதாகக் கிண்டலடித்துக்கொண்டு.

இருபது வருடத்தில் ஒலி பிரிக்கத் தெரியும்.
இத்தாலிக்காரர்கள் புதைத்த வார்ப்பிரும்பு இருமும்.
கட்சி ஆண்ட காலத்து சிமெண்டுக் குழாய்
பொய்ச் சாட்சி போல முனகும்.
பிளாஸ்டிக் ஒன்றும் சொல்லாது.
பிளாஸ்டிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இன்றைய ஒலி வேறு.
முடிதிருத்தும் கடையின் இறக்கிய ஷட்டருக்கு முன்னே,
அடியில் யாரோ நடப்பது போல.
ஓடும் நீர் இல்லை, விழும் நீர்.
விழுவதற்கு வெற்றிடம் வேண்டும்.
எங்கள் வரைபடத்தில் இங்கே வெற்றிடம் இல்லை.

மேட்டுத் தெருவின் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறிப்
பதினோரு நாளாகிறது.
அங்கிருந்து ஃபாத்மிரா என்றொருத்தி தினமும் போன் செய்கிறாள்.
முதல் நாள் திட்டினாள். நேற்று ஒன்றும் பேசவில்லை,
குழாயைத் திறந்து
அதன் வெறுங்காற்றை எனக்குக் கேட்கக் கொடுத்தாள்.

வெட்டினோம்.
தார். தாருக்குக் கீழே இன்னொரு தார்.
சரளை, செங்கல் தூள்,
உடைந்த காப்பிக் கோப்பையின் காது ஒன்று.
பிறகு கடப்பாரை ஒரே ஒரு சொல் சொன்னது,
இந்த ஊரில் குழி தோண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொல்.
கெஸிம் விதை கொறிப்பதை நிறுத்தினான்.

உடைந்த குழாயின் நீரே கல்லைக் கழுவிக் கொடுத்தது.
அகன்ற பாவுகற்கள், தோளோடு தோள் நெருக்கி.
மேலே இணையாக இரண்டு பள்ளங்கள், கிழக்கே போகின்றன.
கை வைத்தேன். விரல்கள் முழுதும் இறங்கின.
எத்தனை வண்டிகள், எத்தனை முறை, அதே தடத்தில்.
ஒருவன்கூட ஒரு முழம் விலக்கி ஓட்டவில்லையா?
இல்லை, விலக முடியாதபடி
முன்னால் போனவன் அவ்வளவு ஆழமாய்ப் போயிருந்தானா?

கல்லின் ஓரத்தில் ஒரு வடிகால் வாய்.
நகராட்சியின் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது,
எங்கும் அடைபடாமல், நேரே கடலுக்கு.
எங்கள் துறை கட்டியதில்
இப்படி வேலை செய்வது எதுவும் கிடையாது.

"மூடிவிடலாம்" என்றான் கெஸிம்.
"குழாயை ஒட்டி, மண்ணைத் தள்ளி, காலையில் தார்.
எழுதினால் தொல்லியல்காரர்கள் வந்து நாடா கட்டுவார்கள்.
மூன்றாம் மாடி அடுத்த வசந்தம் வரை காற்றைக் குடிக்கும்."
அவன் சொன்னதில் தப்பில்லை.
அவன் தோட்டத்துச் சுவரே பழைய அரங்கின் படிதான்;
அதில் அவன் மனைவி மிளகாய் உலர்த்துகிறாள்.

டார்ச்சைப் பல்லில் கடித்துப் படிவத்தை விரித்தேன்.
சாலையின் வகை: தார், கான்கிரீட், மண்.
மூன்று கட்டங்கள்.

தண்ணீரின் சத்தம் தூங்குகிறவர்களுக்கும் கேட்டுவிடும்.
விடிவதற்குள் மேட்டுத் தெரு வாளிகளோடு இறங்கி வந்தது.
ஃபாத்மிராவை அன்றுதான் பார்த்தேன்,
குரலைவிடக் குள்ளம்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள்.
வாளியின் அடியைச் சக்கரத் தடத்தில் பொருத்தினாள்;
அது ஆடாமல் நின்றது.
"நல்ல இடம்" என்றாள், எங்களைப் பார்க்காமல்.

நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன், கோணலாக.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று யோசித்து
'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினேன்.
தொல்லியல் துறைக்குப் போன் செய்ய இன்னும் நேரமிருந்தது.
வரிசையில் அடுத்தவர் வாளியை நீட்டினார்,
கெஸிம் வாங்கிப் பிடித்தான்.